கூப்பிடு தூரத்தில் அருவி

கோடை வந்தால் ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல் என்று மூட்டை கட்டிய பழக்கத்துக்கு 2024 மே 7-ஆம் தேதி ஒரு தடுப்பு விழுந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி அன்று முதல் இரண்டு மலைகளிலும் ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த கோடையில் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கட்டுப்படுத்திய பிறகே ஒரு நாளைக்கு எட்டாயிரம் வண்டி என்றால், அதற்கு முன்பு அந்த மலை எதைச் சுமந்துகொண்டு நின்றது என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

இத்தனைக்கும் சென்னையிலிருந்து அரை நாளுக்குள், திருத்தணிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில், அருவியும் ஏரியும் மலையுமாக ஒரு சீமையே விரிந்து கிடக்கிறது. திருத்தணியைத் தாண்டி வடக்கே போனால் நகரி மலைகள் எழும்பத் தொடங்கும். அந்தத் தொடரின் ஒரு கொடுமுடி மூக்குபோல் நீட்டிக்கொண்டு நிற்பதால் அதற்கு நகரி மூக்கு என்றே பெயர். வங்கக் கடலில் வந்த கப்பல்காரர்கள் அதை அடையாளமாக வைத்துச் சென்னைக் கரையைக் கண்டுகொண்டார்கள். அந்த மலைகளுக்கு மேற்கே, சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது கார்வேட்டிநகரம். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்களைப் பிரித்தபோது இந்த ஊர் சித்தூரோடு நின்றது. புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம் எல்லாம் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. மலைக்கு அந்தக் கணக்கு தெரியாது. காலையில் கார்வேட்டிநகரத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற குடும்பம் இரண்டு மாவட்டத்தையும் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

லீவு போட வேண்டாம், லாட்ஜ் பிடிக்க வேண்டாம், தயிர்சாதமும் புளியோதரையும் தூக்கில் கட்டிக்கொண்டால் போதும். இப்படிப்பட்ட குட்டிப் பயணங்களுக்குப் பெரிய பயணத்தைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். 2019-இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்தில் 120 நிமிடமாவது மரம், தண்ணீர், திறந்தவெளி என்று இருந்தவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட உடம்பும் மனதும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரேயடியாகக் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து நாள் மலைவாசம் போகிறவரைவிட மாதம் ஒருமுறை பக்கத்து அருவியில் தலை நனைக்கிறவர் கொடுத்துவைத்தவர்.

ஜமீன் ஊரின் குளம்

பயணத்தை ஊரிலேயே தொடங்கலாம். கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் வட ஆற்காட்டின் பெரிய ஜமீன்களில் ஒன்று. இங்கிருந்த ராஜாக்கள் பாட்டையும் கூத்தையும் ஆதரித்தார்கள். வேணுகோபாலன்மேல் தெலுங்குப் பதங்கள் பாடிய சாரங்கபாணி இந்த ஊர்க்காரர். கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் பாடுகிற வர்ணங்களைத் தந்த கோவிந்தசாமய்யா இந்த சமஸ்தானத்து வித்வான். அந்த வேணுகோபால சுவாமி கோயில் இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. ராஜாக்கள் கட்டிய ஸ்கந்த புஷ்கரணியும் இருக்கிறது. நாலு பக்கமும் கல்படி இறங்கும் பெரிய குளம். தெப்ப உற்சவத்தில் சுவாமி வலம் வருகிற தண்ணீர். மற்ற நாட்களில் மாலை நேரத்தில் படியில் உட்கார்ந்தால், சுற்றிலும் நிற்கிற மலைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்கு வண்டிகூட வேண்டாம்.

பேச்சைக் கேட்டால் எல்லைச் சீமை என்பது உடனே தெரியும். ஒரே வாக்கியத்தில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தபோது இந்தப் பக்கம் ஆந்திரத்தில் நின்றது. கோடு விழுந்த பிறகும் சம்பந்தம் கொள்வதும் கொடுப்பதும் நிற்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுக்கிற கூட்டத்தில் சித்தூர்ப் பக்கத்து ஜனம் எவ்வளவு என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிருஷ்ணாபுரம் முதல் பூண்டி வரை

கார்வேட்டிநகரத்தை ஒட்டியே இருக்கிறது கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம். தமிழ்ப் பத்திரிகைகளில் அம்மபள்ளி அணை என்று படித்திருப்பீர்கள். நவம்பர், டிசம்பரில் புயல் மழை கொட்டியதும், ‘அம்மபள்ளி அணை திறப்பு, பள்ளிப்பட்டு மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை’ என்று வருமே, அதே அணைதான். சுற்றிலும் குன்றுகள், நடுவில் தண்ணீர், கரையோரம் மாந்தோப்பும் கரும்பும். படகு கிடையாது, பூங்கா கிடையாது, டிக்கெட் கவுண்டரும் கிடையாது. கரையில் நின்று காற்று வாங்குவதற்காகவே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மழைக்காலத்தில் அணை நிரம்பி மதகு திறந்தால் அந்த இரைச்சலைக் கேட்கவே ஒரு கூட்டம் கூடும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சித்தூர் மலைகளில் பிறக்கும் லவா, குசா என்ற இரண்டு ஓடைகளும் பள்ளிப்பட்டு அருகே சேர்ந்து கொசஸ்தலை ஆறாகின்றன. நகரிப் பக்கத்து நீரும் வழியில் வந்து கலக்கிறது. ஆறு திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இறங்கி, 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் விழும் மழை ஆரணியாற்றில் சேர்ந்து பிச்சாட்டூர் அணை, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காடு போகிறது. ஆக, ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளித்துவிட்டு சென்னைக்குத் திரும்புகிற பையன் திங்கட்கிழமை குழாயில் பிடிக்கிற தண்ணீரில் இந்த மலையின் பங்கும் இருக்கிறது. பாறையிடுக்கில் அவன் எறிந்துவிட்டு வந்த பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் எல்லாம் அந்த வழியில்தான் இறங்கப் போகின்றன.

இந்த ஆற்றங்கரையில் மனிதன் நேற்று வந்து குடியேறவில்லை. பூண்டிக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அந்தக் கருவிகள் குவார்ட்சைட் என்ற கடினமான பாறையில் செதுக்கியவை. நகரி மலைகளும் அதே வகைப் பாறைதான்; நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. மணல் இறுகி இறுகிக் கல்லாகி, நிலம் அசைந்தபோது பலகை பலகையாக வெடித்து நிற்கிறது. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, உள்ளே தங்கி, மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கிறது. அருவி வற்றாமல் இருப்பதன் ரகசியம் அதுதான்.

கைலாச கோனா

புத்தூரிலிருந்து நாராயணவனம் வழியாக ஊத்துக்கோட்டை போகிற சாலையில் சற்று தூரத்தில் கைலாச கோனாவுக்குப் பிரியும் வழி வரும். கார்வேட்டிநகரத்திலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம் போதும். பத்மாவதியை ஸ்ரீநிவாசன் மணந்த இடம் நாராயணவனம் என்பது இந்தச் சீமையின் நம்பிக்கை. அந்தக் கல்யாணத்துக்கு வந்த சிவனும் பார்வதியும் இந்த மலையிடுக்கைப் பார்த்து மனம் லயித்துத் தங்கிவிட்டார்களாம். கல்யாணத்துக்குப் போன இடத்தில் அருவியைக் கண்டு தங்கிவிடுகிற தெய்வம் எனக்கு மிகவும் பிடித்த தெய்வம்.

கடைகளைத் தாண்டிப் படியேறும்போதே சத்தம் கேட்கும். பிறகு குளிர்ச்சி முகத்தில் படும். பாறை மடிப்பின் மேலிருந்து தண்ணீர் நேராக விழுகிறது. குற்றாலத்து அகலம் இல்லை, மிரட்டுகிற உயரமும் இல்லை. ஆனால் தோளில் விழும்போது கட்டை விரல்வரை உணரவைக்கிற கனம் இருக்கிறது. பக்கத்துக் குகையில் சுவாமி. குளிக்கிற இடத்தைச் சுற்றிப் பாறை எப்போதும் ஈரம். பாசி படிந்த இடம் கரும்பச்சையாகவும், காய்ந்த இடம் துருச் சிவப்பாகவும் இருக்கும். வெடிப்புகளில் வேரைச் செருகி நிற்கிற அத்திவகை மரங்களைக் கவனியுங்கள். வேர் எந்த வெடிப்பில் இறங்கியிருக்கிறதோ அங்கே தண்ணீர் கசியும். கோடையிலும் இங்கே ஒரு சரடாவது விழுந்துகொண்டிருக்கும் என்பது பக்கத்து ஊர்க்காரர்களின் பெருமை.

குளித்து ஏறியதும் பசி எடுக்கும். வாசலில் வேர்க்கடலை அவித்து விற்பார்கள். சித்தூர் வேர்க்கடலைச் சீமை ஆயிற்றே. ஜூன், ஜூலையில் போனால் மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிய மாங்காய்க் கீற்று. வழிநெடுக, கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும்.

நாராயணவனத்தை ஒட்டியே சிங்கிரி கோனாவும் உண்டு. லட்சுமி நரசிம்மர் கோயிலும் சின்ன அருவியும். புத்தூர்ப் பக்கத்தில் மூல கோனா மழைக்குப் பிறகு ஓடும். நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் எழுப்பிய வேதநாராயணர் கோயில் இருக்கிறது. பங்குனி வாக்கில் சில நாட்கள் மாலை வெயில் வாசல்களைக் கடந்து மூலவர்மேல் விழும். அதன் பின்னால் எழும் மலையில்தான் சென்னை இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஏறுகிற ஓடைகளும் குளங்களும்.

கொஞ்சம் பெரிய பயணத்துக்கு ஆசைப்பட்டால் தலக்கோனா. திருப்பதிக்கு மேற்கே, ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள், 270 அடியிலிருந்து விழுகிற நீர், ஆந்திரத்திலேயே உயரமானது. மரங்களின் உச்சிவழியாகக் கயிற்றுப் பாலத்தில் நடக்கலாம். பாம்பாகப் பின்னிக்கிடக்கிற ராட்சதக் கொடிகளைப் பார்க்கலாம். சேஷாசலம் காட்டில் ஓடையோரப் பாறை நிழலில் பொறுமையாக நின்றால், அதிர்ஷ்டம் இருந்தால், பொன் பல்லி கண்ணில் படும். நிஜமாகவே பொன்மஞ்சள். இந்த மலைகளிலிருந்துதான் 1870-இல் பெடோம் என்ற ஆய்வாளர் அதை உலகுக்கு எழுதினார். பிறகு நூறு ஆண்டுக்கும் மேல் யாரும் பேசாமல் இருந்து, 1980-களில் மறுபடி கண்டறிந்தார்கள். கல்லிடுக்கின் ஈரம் போனால் அதற்கு வேறு வீடு இல்லை. சோப்பும் எண்ணெயும் கலந்த நீர் அந்த இடுக்குவரை போகிறது என்பதை அருவியில் குளிக்கிற ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாள் பார்த்துப் போனவர்கள்

வார இறுதிப் பயணம் புதுமோகம் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வது உண்டு. இந்தச் சீமையைப் பொறுத்தவரை அது பொருந்தாது. இங்கே காட்டுக்கும் தண்ணீருக்கும் போவது பஞ்சாங்கத்திலேயே எழுதிய சடங்கு. தெலுங்குக் கார்த்திகை மாதத்தில் வனபோஜனம்: உற்றார் உறவினர் தோப்புக்குப் போய், நெல்லி மரத்தடியில் பூஜை செய்து, அங்கேயே சமைத்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். திருமலையில் பாரிவேட்டை மண்டபத்தில் தேவஸ்தானமே கார்த்திகை வனபோஜனம் நடத்துகிறது. சங்கராந்திக்கு மறுநாள், கனுமாவன்று, மலையப்ப சுவாமியே அங்கே பாரிவேட்டைக்குப் போகிறார். நாம் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டுகிறோமே, அதற்கு முந்தின நாளில்.

திருமலைக் காட்டுக்குள் இருக்கிற தீர்த்தங்களுக்கு இன்னும் கறாரான கணக்கு. ராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி, குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி, தும்புரு தீர்த்தத்துக்குப் பங்குனிப் பௌர்ணமி. பாபவிநாசத்திலிருந்து காட்டுவழி நடந்து, இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு நீரில் இறங்கிப் போக வேண்டிய தும்புருவுக்கு ஆயிரக்கணக்கான ஜனம் அந்த நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கும். மிச்ச நாளெல்லாம் அந்த இடம் காட்டுக்குச் சொந்தம்.

இதில் பக்தி எவ்வளவோ அவ்வளவு விவேகமும் இருப்பதாக நான் நம்புகிறேன். போகிற நாள் ஒன்று, போகாத நாள் முந்நூற்றுச் சொச்சம். மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்த மாதங்களில்தான் அந்த நாட்கள் விழுகின்றன. இன்று நீதிமன்றம் இ-பாஸ் வழியாகச் செய்யப் பார்ப்பதை அன்று திதி செய்தது. கைலாச கோனாவுக்கும் தலக்கோனாவுக்கும் அப்படி ஒரு நாள்கணக்கு இல்லை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை அத்தனையும் கூட்டம். வீட்டுக்கு அருகில் இருக்கிற அருவி என்பதாலேயே, அதற்கு ஓய்வு கொடுக்கிற பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது.

மேலே பெய்த மழை

பாறை தண்ணீரை வெடிப்புகளில் தேக்கிவைக்கும் என்று சொன்னேன். அது சாரலுக்கும் நிதானமான மழைக்கும் பொருந்தும். கொட்டித் தீர்க்கிற மழையில் நடப்பது வேறு. சரிவில் மண் குறைவு, மலை செங்குத்து, ஓடை குறுகல். உச்சியில் விழுந்த மழை அப்படியே வழிந்து கால் மணி நேரத்தில் கீழே வந்துவிடும். அருவிக்கு அடியில் நிற்கிறவருக்கு வானம் நீலமாகவே தெரியும். அதுதான் ஆபத்து. மூன்று அடையாளங்களைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: தெளிந்திருந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாகும், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும், இரைச்சலின் சுருதி தடிக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணியையும் செல்போனையும் தேடிக்கொண்டு நிற்காமல் பக்கவாட்டில் மேடேற வேண்டும். உள்ளூர்ப் பெரியவர் யாராவது “நைனா, மேல ஏறு!” என்று சத்தம் போட்டால், ஏன் என்று கேட்கிற நேரம் அது இல்லை.

2021 நவம்பரில் இந்தச் சீமை மழையின் மறுமுகத்தைப் பார்த்தது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. விஜயநகரக் காலத்து ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். மணல் மூட்டைகளை அடுக்கித்தான் கரையைக் காப்பாற்ற முடிந்தது. அதே ஏரியை அமைதியான ஒரு மாலையில் போய்ப் பார்க்கிறவர்கள் அதன் கரைமேல் நடக்கும்போது, எத்தனை ஊர் அந்த மண்ணை நம்பித் தூங்குகிறது என்பதையும் பார்க்கலாம்.

ஓடைக் குளங்களில் ஆண்டுதோறும் இளைஞர்கள் மூழ்கிப்போகிறார்கள். சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்து உப்பலமடுகு அருவி, நம் ஊர்ப் பையன்கள் தடா அருவி என்று சொல்வது, இந்த விஷயத்தில் கெட்ட பெயர் வாங்கிவிட்டது. அருவியின்மேல் பழி இல்லை. பாறைக்கு அடியில் குடைந்த ஆழம் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவனையும் வழுக்கல் பாறை தலைகுப்புறத் தள்ளும். குடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு அடுத்த வாரம் வருகிற ஒரு குழந்தையின் பாதத்துக்காகத் தண்ணீருக்குள் காத்திருக்கிறது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடப் புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. போன உயிருக்குக் கட்டு இல்லை.

வழி இல்லாத வழியில் காட்டுக்குள் போவதும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ பறித்தது. அதன் பிறகு வெகுநாள் யோசித்து, 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை ஒழுங்குசெய்து, வழிகாட்டியோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. ஆந்திரத்து மலைகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு அவசரமாக வேண்டும். செம்மரம் வளர்கிற சேஷாசலத்தில் காவல் கடுமை என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7-இல் அங்கே நம் மலைக்கிராமத்துக் கூலிகள் உட்பட 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்க முடியுமா? வனத்துறை திறந்துவிட்ட வழியில், சீட்டு வாங்கி, பகலில் மட்டும் போக வேண்டும்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. கைலாச கோனாவின் அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற ஊர்க்காரர்களே அருவியை அதிகம் அறிந்தவர்கள். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அவர்களில் சிலரைக் காவலுக்கும் துப்புரவுக்கும் சம்பளத்துக்கு வைக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்தால் கொடுக்கலாம். நீலகிரியில் டாஸ்மாக் கடைகளிலேயே காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை வந்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எச்சரிக்கைப் பலகைகளைத் தெலுங்கோடு தமிழிலும் எழுத வேண்டும். வருகிற கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு எவ்வளவு என்று வாகன எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எப்போது போகலாம்?

டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய. புயல் சின்னம் எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து, முடிந்தால் வார நாளில். ரயிலில் வருகிறவர்கள் அரக்கோணம் - ரேணிகுண்டா தடத்தில் புத்தூரில் இறங்கலாம். காலை எட்டு மணிக்குக் கைலாச கோனாவில் இருந்தால் கூட்டத்துக்கு முன் குளித்துவிடலாம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பையிலேயே இருக்கட்டும். பத்து மணிக்கு நாராயணவனத்தில் தரிசனம். கட்டுச்சோற்றைச் சிங்கிரி கோனா மரத்தடியில் பிரிக்கலாம். இலையும் பையும் உங்களோடு திரும்பி வர வேண்டும். மூன்று மணிக்குமேல் எந்த ஓடையிலும் இறங்க வேண்டாம். புத்தூர் வந்து டீ குடித்துவிட்டு கார்வேட்டிநகரம் பஸ் ஏறினால், வெளிச்சம் இருக்கும்போதே கிருஷ்ணாபுரம் கரையில் ஒரு நடை நடக்கலாம். தண்ணீர் அங்கே ஆழம், கரையோடு நின்றுகொள்ளுங்கள்.